ஜூலை 30 யாருடைய நாள்?

ஒரு ஊருக்கு எத்தனை சுதந்திர தினம் இருக்கலாம்? நம்மில் பெரும்பாலோருக்கு ஒன்றே ஒன்றுதான். புதுச்சேரிக்காரர்களுக்கு மூன்று.

ஆகஸ்ட் 15 அன்று நாட்டோடு சேர்ந்து கொடி ஏற்றுகிறார்கள். மறுநாள், ஆகஸ்ட் 16, கீழூர் நினைவிடத்தில் இன்னொரு கொடி. அப்புறம் நவம்பர் 1, இன்னொரு அரசு விழா. காரணம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் எட்டு வருஷம், சாவி நம்மிடம், பத்திரம் பாரீஸில். இந்த நவம்பர் 1-ஐக்கூட அரசு விடுதலை நாளாகக் கொண்டாட ஆரம்பித்தது 2014-ல்தான். அறுபது வருஷம் கழித்து!

இது போக ஜூலை 14 இருக்கிறது. பிரெஞ்சு தேசிய நாள். முந்தின நாள் மாலையே முன்னாள் படைவீரர்கள் விளக்கு ஏந்தி ஊர்வலம் போவார்கள். மறுநாள் கடற்கரைச் சாலையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம், இரண்டு நாட்டு தேசிய கீதமும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். போட்டோக்காரர்கள் வருவார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும்.

சரி, ஜூலை 14-க்குப் பிறகு பதினாறு நாள் தள்ளி வரும் ஜூலை 30 என்ன நாள் தெரியுமா?

தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். பாண்டிச்சேரிக்கு வாரக் கடைசியில் போய் வருகிற லட்சக்கணக்கான பேருக்குத் தெரியாது. பாண்டிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த பல இளைஞர்களுக்கும் தெரியாது. 1936-ம் ஆண்டு அந்த நாளில், மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் ஆயுதப் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பன்னிரண்டு பேர் செத்துப்போனார்கள். தொழிற்சங்கக்காரர்கள் வருஷா வருஷம் அஞ்சலி செலுத்துகிறார்கள். சிவப்புக் கொடி, முழக்கம், ஒரு சின்னக் கூட்டம். அவ்வளவுதான்.

ஒரு ஊர் எதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது, எதை மறந்துபோகிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரம் பேச வேண்டிய விஷயம்.

*

பாண்டிச்சேரிக்கு வரும் டூரிஸ்ட்டின் வழக்கமான ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெள்ளை நகரம். மஞ்சள் சுவர், காகிதப்பூ, பிரெஞ்சுப் பெயர் எழுதிய தெருப் பலகை, செல்ஃபி. மத்தியானம் நோணாங்குப்பம். சுண்ணாம்பாறு படகுத் துறையில் டிக்கெட் எடுத்து, படகில் ஏறி, ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கும் மணல் திட்டுக்குப் போய் வர வேண்டும். நகரத்திலிருந்து நோணாங்குப்பத்துக்குக் கடலூர் சாலையில் ஏழெட்டு கிலோமீட்டர்.

அந்த ஏழெட்டு கிலோமீட்டரில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. நகரத்தை விட்டு வெளியே வந்ததுமே முதலியார்பேட்டையில் பெரிய மதில் சுவர் ஒன்று வரும். அதுதான் ஏ.எஃப்.டி. மில். முழுப்பெயர் ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ். 1898-ல் ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் இன்னமும் 'ரோடியர் மில்' என்றுதான் சொல்வார்கள். நகரத்தில் இன்னும் இரண்டு பெரிய மில்கள் இருந்தன. சவானா மில் பின்னாளில் சுதேசி மில் ஆனது. கப்ளே மில் பாரதி மில் ஆனது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்த மூன்றும்தான் அடுப்பு.

இன்று ரோடியர் மில் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்துப் போட்டதிலிருந்து அது எழுந்திருக்கவே இல்லை. 2020-ல் அதிகாரபூர்வமாக மூடிவிட்டார்கள். இப்போது 'ஏ.எஃப்.டி. மைதானம்' என்றால் பொதுக்கூட்டமும் பொருட்காட்சியும் நடக்கிற இடம். படகுத் துறைக்குப் போகிற கார் அந்த மதிலை ஒரே நிமிஷத்தில் தாண்டிப் போய்விடுகிறது. உள்ளே இருப்பவர்கள் கூகுள் மேப்பில் டிராஃபிக் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

*

1936-ல் என்ன நடந்தது?

அதற்கு முந்தைய ஆண்டே மில்களில் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. வேலை நேரத்துக்கு வரையறை இல்லை, கூலி சொற்பம், சங்கம் வைக்க உரிமை கிடையாது. 1934-ல் 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கிய வ. சுப்பையா என்ற இளைஞர் தொழிலாளர்களோடு நின்றார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. எட்டு மணி நேர வேலை, சங்கம் அமைக்கும் உரிமை, நியாயமான கூலி. கேட்டது இதைத்தான்.

இங்கே பாரீஸ் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். அதே 1936 ஜூனில் பிரான்ஸில் லியோன் பிளூம் தலைமையில் இடதுசாரிக் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. வந்த வேகத்தில் பிரெஞ்சுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேர வேலை, வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்று சட்டம் போட்டது. உலகமே திரும்பிப் பார்த்த சட்டம். அதற்கு இரண்டே மாதத்துக்குள், அதே கொடி பறக்கிற பாண்டிச்சேரியில், எட்டு மணி நேரம் கேட்டவனுக்குக் கிடைத்தது குண்டு.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் கப்பல் ஏறும்போது பாதி வழியில் இறங்கிவிட்டது போலிருக்கிறது.

ஆனால் அந்தப் பன்னிரண்டு பேர் வீணாகச் சாகவில்லை. 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்க உரிமை எல்லாம் கிடைத்தன. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரத்தை வாங்கியது நாங்கள்தான் என்று பாண்டிச்சேரித் தொழிற்சங்கக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நாம் ஆபீஸில் ஆறு மணிக்குப் பையைத் தூக்குகிறோமே, அந்த உரிமைக்குச் சிந்திய ரத்தத்தில் கொஞ்சம் இந்த ஊர்க்காரர்களுடையது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காக எழுப்பியது, அது திறக்கப்பட்டது 1938-ல். துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டே வருஷம். பிரான்ஸுக்காகச் செத்தவர்களுக்குத் தூண். பிரான்ஸின் குண்டுக்குச் செத்தவர்களுக்கு அரசு எதுவும் கட்டவில்லை. அதை அன்றைய பிரெஞ்சு அரசிடம் எதிர்பார்க்கவும் முடியாது. 1954-க்கு அப்புறம் வந்த நம் அரசுகளிடம் எதிர்பார்க்கலாம் அல்லவா?

*

சிலர் சொல்வார்கள்: "பிரெஞ்சுக்காரன் வெள்ளைக்காரன் மாதிரி இல்லீங்க. பாரதியாருக்கே இடம் கொடுத்தவன்."

உண்மை. 1908-ல் பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி வந்த பாரதி பத்து வருஷம் பாண்டிச்சேரியில் இருந்தார். வ.வே.சு. ஐயர் இருந்தார். 1910-ல் அரவிந்தர் வந்தார். எல்லைக்கோடு அவர்களைக் காப்பாற்றியது. 1918 நவம்பர் 20-ம் தேதி பாரதி எல்லையைத் தாண்டி பிரிட்டிஷ் பகுதிக்குள் கால் வைத்ததும் கடலூர் அருகே கைது. கோட்டுக்கு இந்தப் பக்கம் கவிஞர், அந்தப் பக்கம் கைதி.

இந்தக் கதையை நாம் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறோம். பாரதி வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுகிறோம். நல்ல விஷயம்.

ஆனால் அதே கோட்டில் வண்டிகள் எதிர்ப்பக்கமாகவும் ஓடியிருக்கின்றன. 1947-க்குப் பிறகு இந்தியாவோடு இணைய வேண்டும் என்று பாண்டிச்சேரியில் குரல் கொடுத்தவர்கள், பிரெஞ்சுப் போலீஸுக்கும் அடியாட்களுக்கும் தப்பித்து ஓடி வந்தது இந்தியப் பகுதிக்கு. 1908-ல் அந்தப் பக்கத்து ஆளுக்கு இந்தப் பக்கம் புகலிடம். 1950-ல் இந்தப் பக்கத்து ஆளுக்கு அந்தப் பக்கம் புகலிடம். சுப்பையாவின் வீடு 1950-ல் தாக்கப்பட்டுத் தீ வைக்கப்பட்டது.

பிரெஞ்சிந்தியாவின் வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றும். சிதறிய கோலப்புள்ளி மாதிரி. ஒரு ஊர் பிரெஞ்சு, பக்கத்து ஊர் இந்தியா, அதற்கும் பக்கத்து ஊர் மறுபடி பிரெஞ்சு. 1949-ல் சுங்க ஒப்பந்தம் முறிந்ததும் இந்தக் கோடுகளிலெல்லாம் சோதனைச் சாவடி முளைத்தது. ரெண்டு பக்கமும் விலை ஒன்றாக இல்லாத இடத்தில் கடத்தல் தானாக வரும். வணிகவியல் முதலாண்டுப் பாடம். வயல் ஒரு நாட்டில், களம் இன்னொரு நாட்டில் என்று அவஸ்தைப்பட்ட விவசாயிக்கு அது பாடமல்ல, தினசரி வாழ்க்கை. இன்று எல்லை என்றால் நமக்கு முள்ளோடைப் பக்கத்து மதுக்கடைகள்தான் ஞாபகம் வருகின்றன. கோட்டின் மற்ற கதையெல்லாம் போயே போச்சு.

ஒரு தரப்பின் போராளிகளுக்கு அடைக்கலம் கொடுத்த கோடு என்பது ஞாபகமிருக்கிறது. சொந்த ஊர்க்காரர்களையே அடித்து விரட்டிய கோடு என்பது மறந்துவிட்டது. பாதி ஞாபகம். அதுவும் வசதியான பாதி.

*

ஏன் மறந்தோம்? பிரெஞ்சுக்காரர்களைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அதில் இஷ்டமில்லை. காரணம் நம் பக்கம்தான் அதிகம்.

முதல் காரணம், விடுதலை வந்த விதம். 1948 ஜூனில், மக்களே முடிவு செய்யட்டும் என்று இந்தியாவும் பிரான்ஸும் ஒப்புக்கொண்டன. வங்காளத்தில் இருந்த சந்திரநாகூரில் 1949-ல் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவாக 7,473, எதிராக 114. தெளிவான தீர்ப்பு. பாண்டிச்சேரியில் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. கதை முடிந்தது.

அந்தப் பிரதிநிதிகள் யார்? பெரும்பாலோர் எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியில் நின்று ஜெயித்தவர்கள். சில வருஷம் முன்புவரை பிரான்ஸ் பக்கம் உறுதியாக நின்ற கட்சி. இணைப்புக்காரர்களை அடித்த அடியாட்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்டால், இணைப்பு இயக்கத்தார் விரல் நீட்டியது இவர்கள் பக்கம்தான். 1954 மார்ச்சில் குபேர் திடீரென்று பக்கம் மாறினார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைத்தார். பிரெஞ்சு நிர்வாகம் அவர் தரப்பின் பணவிவகாரங்களைக் கிளற ஆரம்பித்திருந்த நேரம் அது என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். எப்படியோ, அவர் மாறியதால் இணைப்பு வேகமாக நடந்தது. அதை மறுப்பதற்கில்லை. 1963-ல் அவரே முதலமைச்சரும் ஆனார். இன்று கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர்தான். பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான்.

சுப்பையாவுக்கும் சாலை உண்டு. ரயில் நிலையம் இருக்கிற தெற்கு பூல்வார். யாருக்கு மறுப்பு? ஆனால் ஜெயித்த அணியில் கடைசி நேரத்தில் வந்து ஏறியவர்களே விழா மேடையில் அமர்ந்தால், ஆரம்பத்தில் அடி வாங்கியவர்களின் கதையை மைக்கில் யார் சொல்வார்கள்? சொன்னால் சங்கடமான கேள்வியெல்லாம் வருமே.

இரண்டாவது காரணம், ஜூலை 30-ஐக் கட்டிக்காத்தவர்களே. கம்யூனிஸ்ட்டுகள் மட்டும் இல்லையென்றால் அந்தத் தேதி என்றைக்கோ காணாமல் போயிருக்கும். அதற்காக அவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கொடிக்குக் கீழே மட்டுமே நிற்கிற ஞாபகம், அந்தக் கொடி மெலியும்போது தானும் மெலிந்துபோகும். செத்தவர்கள் தொழிலாளிகள், பாண்டிச்சேரிக்காரர்கள், யாரோ ஒரு வீட்டுக்கு அப்பா, அண்ணன், பிள்ளை. கட்சி அட்டை இல்லாதவனும் அன்றைக்கு ஒரு பூவைப் போட்டுவிட்டுப் போகிற மாதிரி அந்த நாள் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம், பள்ளிக்கூடம். புதுச்சேரிக்குச் சட்டமன்றம் உண்டு, முதலமைச்சர் உண்டு. சொந்தப் பாடத்திட்டம் கிடையாது. பல பத்தாண்டுகளாகப் புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்தைப் படித்தார்கள். மாஹே பிள்ளைகள் கேரளப் பாடம். ஏனாம் பிள்ளைகள் ஆந்திரப் பாடம். இப்போது அரசுப் பள்ளிகளை சி.பி.எஸ்.இ.க்கு மாற்றிவிட்டார்கள். நோணாங்குப்பத்தில் படிக்கிற பிள்ளை பிரெஞ்சுப் புரட்சியைப் படிக்கும். பாஸ்டீல் சிறை உடைந்த தேதியை மனப்பாடம் செய்யும். பஸ்ஸில் தினமும் கடந்து போகிற மில் மதிலைப் பற்றி அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது? கடன் வாங்கின பாடப்புத்தகத்தில் நம் வீட்டுக் கதை இருக்காது.

*

எழுத்தாளர்கள்?

பிரபஞ்சனை மறந்துவிட்டு பாண்டிச்சேரியைப் பற்றிப் பேச முடியாது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை அடிப்படையாக வைத்து 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' என்று இரண்டு பெரிய நாவல்கள் தந்தார். இரண்டாவதற்கு 1995-ல் சாகித்ய அகாதமி விருது. துய்ப்ளே காலத்துப் பாண்டிச்சேரியைத் தெருத் தெருவாக நமக்குக் காட்டியவர் அவர். பதினெட்டாம் நூற்றாண்டுக்கு ஒரு பிள்ளை டயரி எழுதி வைத்திருந்தார், நமக்கு நாவல் கிடைத்தது. மில் தொழிலாளிக்கு டயரி எழுத எங்கே நேரம்? எட்டு மணி நேரத்துக்காகத்தானே அவன் செத்தான்.

சுப்பையா எழுதிய தன்வரலாறு 1990-ல் ஆங்கிலத்தில் வந்தது. முக்கியமான புத்தகம். ஆனால் அது ஒரு தலைவரின் சாட்சியம். தலைவர் பார்வையில் கூட்டம் தெரியும், முகம் தெரிவது கஷ்டம். இணைப்புக் காலத்தின் அரசியல் பேரங்களை விரிவாக எழுதியவர் அஜித் நியோகி. 1997-ல் அந்த ஆங்கிலப் புத்தகத்தை வெளியிட்டது யார் தெரியுமா? புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். பிரெஞ்சு ஆட்சி முடிந்த கதையைப் பிரெஞ்சு நிறுவனமே அச்சிட்டது. பாராட்ட வேண்டியதுதான். நம் பல்கலைக்கழகங்களும் அரசும் இதே அக்கறையோடு ஒரு மில் தொழிலாளியின் வீட்டுக்குப் போய், நாலு பக்கம் அவர் சொல்லச் சொல்ல எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வெளியுலகத்துக்கு பாண்டிச்சேரி என்றால் 'லைஃப் ஆஃப் பை'. யான் மார்ட்டெல் 2001-ல் எழுதிய நாவல், ஆங் லீ 2012-ல் எடுத்த படம். அதில் வருகிற ஊர் தேன் தடவின மாதிரி இருக்கும். பொய் என்று சொல்ல மாட்டேன். கதைக்கு அது போதும். ஊருக்குப் போதுமா? சினிமாவில் பார்த்த ஊரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்காக ஊரும் மேலும் மேலும் சினிமா செட் மாதிரி மாறுகிறது. தொண்ணூறுகளில் கட்டின லாட்ஜ்கூட மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொள்கிறது. ஏக்கம் நல்ல சரக்கு. நன்றாக விற்கும். துப்பாக்கிச் சூட்டை எந்த ஓட்டல்காரர் மெனு கார்டில் போடுவார்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பங்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. தாத்தா சைகோனில் வேலை பார்த்திருப்பார், அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியிருப்பார். ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு நிற்கிற முதியவரை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அவர் ஞாபகமும் பாண்டிச்சேரியின் ஞாபகம்தான். அவருக்கு ஒரு நாள் இருப்பது தப்பே இல்லை. மில்காரனுக்கும் ஒரு நாள் இருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

*

பிரான்ஸே இதில் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

பாண்டிச்சேரியின் பத்திரம் கைக்கு வர 1962 வரை ஏன் ஆனது? இந்தியாவும் பிரான்ஸும் 1956-லேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் அப்போது அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலனியை விட்டுக்கொடுத்தால் இன்னொன்று கேட்கும் என்ற பயம். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. அதற்கப்புறம்தான் நம் விஷயமும் நகர்ந்தது.

அந்தப் போர் நடந்த காலத்தில், 1961 அக்டோபர் 17 அன்று, பாரீஸ் நகரத்திலேயே அல்ஜீரியர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது, அடித்தது, பலரை சேன் நதியில் தூக்கி வீசியது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. பல பத்தாண்டுகள் அரசு வாயே திறக்கவில்லை. விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2001-ல் பாரீஸ் மேயர், சேன் நதியின் பாலம் ஒன்றின் அருகே, கொல்லப்பட்ட அல்ஜீரியர்களின் நினைவாக ஒரு சின்னப் பலகை வைத்தார். 2012-ல் அப்போதைய அதிபர் ஒல்லாந்த் அந்தக் கொடுமையை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டார். நாற்பது வருஷம் கழித்து ஒரு பலகை. இப்போது ஆற்றைப் பார்க்க வருகிற டூரிஸ்ட்டும் அந்தப் பலகையைப் படித்துவிட்டுப் போகலாம்.

சுட்டவர்களின் தலைநகரத்தில் அது சாத்தியம் என்றால், சுடப்பட்டவர்களின் ஊரில் ஏன் முடியாது?

புதுச்சேரி அரசுக்குப் பெரிய செலவில்லாத மூன்று யோசனைகள். ஒன்று, கடலூர் சாலையில் ரோடியர் மில் வாசலில் ஒரு பலகை. சவானா மில் வாசலில் இன்னொன்று. தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கட்டும். என்ன நடந்தது, எந்தத் தேதி, பன்னிரண்டு பேரின் பெயர், 1937-ல் கிடைத்த உரிமை. நாலே வரி போதும். சிலை வேண்டாம், சிலைக்கு மாலை போட வருகிறவர்கள் வரிசையில் சண்டை வரும்.

இரண்டு, எந்தப் பாடத்திட்டமாக இருந்தாலும், ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் ஏதாவது ஒரு வருஷம் 'நம்ம ஊர்' என்று அறுபது பக்கத்தில் ஒரு துணைப்பாட நூல். அதில் பாரதியும் இருக்கட்டும், துய்ப்ளேயும் இருக்கட்டும், கீழூரும் இருக்கட்டும், ஜூலை 30-ம் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் அவசரம். 1936-ல் இருபது வயது இருந்தவருக்கு இன்று நூற்றுப்பத்து வயது ஆகியிருக்கும். நேரில் பார்த்த யாரும் இனி இல்லை. ஆனால் அவர்களிடம் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் முதலியார்பேட்டையிலும் அரியாங்குப்பத்திலும் எழுபது எண்பது வயதில் இருப்பார்கள். மில் மூடும் வரை வேலை பார்த்த பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். கல்லூரி மாணவர்கள் இருபது பேர், இருபது செல்போன், ஒரு கோடை விடுமுறை. உட்கார்ந்து பேசச் சொல்லிப் பதிவு செய்தால் போதும். மில் மதிலை என்றைக்காவது இடித்துவிடுவார்கள். நிலத்தின் விலை அப்படி. அதற்குப் பிறகு கேட்டால், அங்கே ஒரு மில் இருந்தது என்பதற்கே சாட்சி தேட வேண்டியிருக்கும்.

அடுத்த தடவை நோணாங்குப்பத்துக்குப் படகு சவாரி போகிறவர்கள், முதலியார்பேட்டையில் அந்த மதில் வரும்போது பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அதிகம் போனால் இரண்டு நிமிஷம் ஆகும். அரசாங்கம் பலகை வைக்கும் வரை வாயால் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.